கடைசித் துடைப்பு

தகடு யாரையும் கேட்காமல் உள்ளே போனது.

விரல் அகலமுள்ள மெல்லிய எஃகுத் தகடு அது. நாள் முழுக்க ஓவனில் வெந்து வெளியே வந்த குழாயின் வாயில், உலோகச் சுவருக்கும் அதற்குள் வார்த்த ரப்பர் கட்டிக்கும் நடுவே அதை வைத்து லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். தகடு நுழையாமல் நின்றால் ரப்பர் சுவரைப் பிடித்திருக்கிறது. நுழைந்தால் விட்டுவிட்டது.

"எவ்வளவு போகுது?" என்று பின்னாலிருந்து கேட்டார் பிரிவுத் தலைவர்.

"பாதி வரைக்கும் போகுது சார்."

"அப்புறம் நிக்குதா?"

"நிக்கல. நான்தான் நிறுத்திட்டேன்."

தலைவர் சட்டைப்பையிலிருந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் நறநறவென்று மென்றார். அந்தக் கூடத்தில் மாத்திரை கடிபடும் சத்தத்தை வைத்தே நாள் எப்படிப் போகிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்வார்கள்.

தகட்டை உருவித் துடைத்து அதன் உறையில் போட்டவளுக்குப் பசையக்கா என்று பெயர். ரசாயனம் படித்துவிட்டு வேலைக்கு வந்த நாள் முதல் ஒன்றோடொன்றை ஒட்டவைப்பது தவிர வேறு வேலை பார்த்ததில்லை. அவளைவிட மூத்த காவலாளிகூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

திட எரிபொருள் ராக்கெட்டுக்குள் எண்ணெய் கிடையாது. எரியும் பொடியை ரப்பர் பாகில் குழைத்துக் குழாய்க்குள் ஊற்றி இறுக வைப்பார்கள். பொடியைச் சேர்த்துப் பிடிப்பதும், கட்டியைக் குழாயின் சுவரோடு பிடித்து நிறுத்துவதும் அந்த ரப்பர்தான். சுவரை விட்டு விலகினால் அந்த இடுக்கில் நெருப்புப் புகும், நிதானமாக எரிய வேண்டியது மொத்தமாகப் பற்றும், குழாய் வெடிக்கும். சாதாரண ரப்பர் கடும் சூட்டில் இளகிவிடுகிறது. ஃப்ளோரின் சேர்ந்த ரப்பர் சூட்டுக்கு அசைவதில்லை. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதோடும் ஒட்டாது. ஒட்டாத வாணலியின் பூச்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஒட்டவைக்கும் வேலையைப் பசையக்காவின் தலையில் கட்டியிருந்தார்கள். இந்தக் கூடத்தில் எரியும் பொடி கிடையாது. அதே பருமனில் ஒன்றும் செய்யாத வெள்ளைப் பொடியைக் கலந்துதான் சோதனை.

ஆரம்பத்தில் ஒட்டியது. அதுதான் கொடுமை. முதல் குழாய்கள் ஓவனிலிருந்து வந்தபோது தகடு வளைந்ததே தவிர நுழையவில்லை. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு ஒரு குழாய் விட்டது. அடுத்ததும் விட்டது. அதன்பின் பசையக்கா வார்த்த எதுவும் பிடிக்கவில்லை. சூட்டை மாற்றினாள், இறுகும் நேரத்தை மாற்றினாள், அடிப்பூச்சை மாற்றினாள். ரப்பர் அனுப்புகிறவர்களோடு தலைவர் சண்டை போட்டார். அவர்கள் எங்கள் சரக்கில் குறையில்லை என்று சாதித்தார்கள்.

"அக்கா, இந்த ரப்பருக்கு யாரோட சங்காத்தமும் வேணாமாம். என் மச்சான் மாதிரி," என்றான் பக்கத்து மேசைக்காரன். அவனுக்கு அவசரம் என்று பெயர். சொல்வதைப் பாதி கேட்டுக்கொண்டு மீதியை ஓடிக்கொண்டே செய்கிறவன். நாற்பதைத் தாண்டியும் மாடிப்படியில் இரண்டிரண்டாகத்தான் ஏறுவான்.

"உன் மச்சானாவது விருந்துன்னா வருவான்," என்றாள் பசையக்கா. சிரிப்பு வரவில்லை.

தலைவர் அவளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னும் ஒரு குழாய். அவ்வளவுதான். அதுவும் உரிஞ்சா பிரிவை மூடறாங்க. டப்பாவுல ரப்பரும் ஒரு வார்ப்புக்குத்தான் இருக்கு."

"மூடினா நாங்க?"

"வேற ஊர்த் தொழிற்சாலைக்கு மாத்துவாங்க. ரயில்ல ஒரு ராத்திரி தூரம். வேலை போகாது. அந்த மட்டுக்கும் நிம்மதி."

அவருக்கு நிம்மதி. பசையக்காவுக்கு அது வேலை போவதைவிட மோசம். அவள் கணவர் படுக்கையில் இருந்தார்.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவராக இருந்தவர். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், இடது கை பொத்தானைக் காணாமல் தேடுவதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். இடப்பக்கம் முழுதும் போயிற்று. பேச்சு குழறலோடு தங்கியது. வாய்த்துடுக்கு குறையவில்லை.

"மேலயும் போகல, கீழயும் வரல. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டேன்," என்பார் பார்க்க வருகிறவர்களிடம்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது அவருடைய தங்கை. அடுத்த தெருவில் வீடு, அவளுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். பசையக்கா வேலைக்குக் கிளம்பும்போது வருவாள், திரும்பும்போது போவாள். இந்த ஊரை விட்டு அவளால் வர முடியாது. அவள் இல்லாத ஊரில் பசையக்கா வேலைக்குப் போனால் அவரை ஏதாவது விடுதியில்தான் விட வேண்டும். விடுதிகளைப் போய்ப் பார்த்திருந்தாள். வரிசையாகக் கட்டில்கள், சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடப்பட்ட உடம்புகள். ஒருவருடைய போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பு எலும்பின் மேல் தோல் இல்லை. போர்வையைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

புண் வராமல் வைத்திருப்பது ஒரு தனி வேலை. பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், தூக்கத்தில் இருந்தாலும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை சாகத் தொடங்கிவிட்டது. சிறுநீரின் ஈரம் தோலில் ஊறாதபடி க்ரீம் தடவ வேண்டும். மருத்துவமனையில் ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் கொடுத்து இதைத்தான் தடவ வேண்டும் என்றார்கள். காலையில் அவரைத் துடைத்துப் புரட்டி, இடுப்பிலும் தொடையிலும் குதிகாலிலும் அதைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பசையக்கா பேருந்துக்கு ஓடுவாள். அவர் விழுந்த நாளிலிருந்து இதுதான் காலை. அவர் உடம்பில் ஒரு புண் இல்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

கடைசிக் குழாய்க்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரம் நாத்தனார் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் குதிகால்ல கட்டில் கம்பி உரசிடுச்சு. சின்னக் கீறல்தான். என்னைப் பார்க்காதீங்க, கால ஆட்டினது அவருதான்."

"ஆடற கால் ஒண்ணுதானே இருக்கு, அதையும் ஆட்டக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கீறல் ஆழமில்லை. பசையக்கா மருந்துத் துணியை வைத்து அதன் மேல் பிளாஸ்டரை ஒட்டினாள். விரலை எடுத்ததும் பிளாஸ்டர் கூடவே வந்தது. இன்னொன்று கிழித்தாள். அது ஒரு கணம் நின்று, ஓரம் சுருண்டு, விரிப்பில் விழுந்தது. மூன்றாவதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"ராக்கெட்டையே ஒட்டறவ. புருஷன் குதிகால்ல ஒரு பிளாஸ்டர ஒட்ட முடியல," என்றார் அவர்.

"கால ஆட்டாதீங்க."

"நான் எங்க ஆட்டறேன். காலையில நீ தடவின க்ரீம் அப்படியே இருக்கு. அதுல எறும்பு ஏறினாலே வழுக்கி விழுது."

நாத்தனார் சிரித்தாள். பசையக்கா சிரிக்கவில்லை. கையை எடுத்தாள், மூன்றாவதும் விழுந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, புதுப் பிளாஸ்டர் ஒன்றைத் தன் கட்டைவிரலில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கை அது.

அலமாரியிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்துத் திருப்பினாள். பொடி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். சிலிக்கோன்.

கூடத்தின் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: முகப்பூச்சு, கைக்க்ரீம், தலைத்தைலம் எதுவும் தடவிக்கொண்டு உள்ளே வரக் கூடாது. ஒட்டும் வேலைக்குச் சிலிக்கோனைப் போல் எமன் வேறில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், சோப்புக்கும் போகாது. அந்த அறிவிப்பைத் தன் கையால் எழுதி ஒட்டியவள் பசையக்கா. முகத்துக்குப் பவுடர்கூடப் போடாமல்தான் அவள் வேலைக்குப் போவாள். கணவருக்குத் தடவுவது மருந்து என்று மனதில் வேறு அலமாரியில் இருந்தது. இரண்டு அலமாரிக்கும் நடுவில் அவள் கை போய்வந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?"

மறுநாள் மற்றவர்கள் வருமுன் கூடத்துக்குள் போனாள். கையுறை போட்டுத்தானே வேலை பார்க்கிறோம் என்ற ஒரே நம்பிக்கை மிச்சமிருந்தது. வார்ப்புக்கு முன் குழாயின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். சுத்தமான உலோகத்தில் தண்ணீர் விரிப்புப் போலப் பரவும். பிசுக்கு இருந்தால் முத்து முத்தாகப் பிரியும். அந்தச் சோதனையில் அவர்களுடைய குழாய் ஒருமுறையும் தவறியதில்லை. அதற்குப் பிறகுதான் கடைசித் துடைப்பு. தண்ணீரை ஒற்றி எடுத்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு சுற்று. அதைப் பசையக்கா யாரிடமும் விடமாட்டாள். துணிகளை நான்காக மடித்து அடுக்குவதும் அவள்தான். மடிப்பது காலையில் வந்ததும், வெறுங்கையால். கையுறை போட்டால் மடிப்பு சரியாக விழாது.

ஓர் எஃகுப் பலகையைக் கழுவினாள். தண்ணீர் பரவியது. அடுக்கிலிருந்து தன் துணி ஒன்றை எடுத்துத் துடைத்தாள். மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

முத்து முத்தாக உருண்டது.

பிரிக்காத பொட்டலத்திலிருந்து இடுக்கியால் ஒரு துணியை உருவி, இன்னொரு பலகையைத் துடைத்துத் தண்ணீர் ஊற்றினாள். விரிந்து படுத்தது.

பசையக்கா இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் வார்த்துப் பிடித்த குழாய்கள் எல்லாம் அவர் விழுவதற்கு முன் வார்த்தவை. ஒவ்வொரு குழாயும் உரிந்தபோது, அடுத்த குழாயை ஒரு சுற்று அதிகமாகத் துடைத்திருக்கிறாள். நம்பிக்கை குறையக் குறையத் துடைப்பு கூடியது. பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிற ஆட்கள் அந்தத் தகட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கணவருக்குக் காய்ச்சல் என்று அவள் விடுப்பில் இருந்தபோது அவசரம் தனியாக ஒரு குழாய் வார்த்தான். அவள் வந்ததும் ஓடி வந்தான்: "அக்கா, பிடிச்சிருக்கு. தகடு போகல." அவன் துணியை மடிக்கவில்லை, பொட்டலத்திலிருந்து அப்படியே உருவித் துடைத்துப் போட்டிருந்தான். எடையையும் சரியாக எழுதி வைக்கவில்லை. "நீ கலந்ததுல அளவே தப்பு. அது கணக்கில்ல," என்று சொல்லி அந்தக் குழாயைக் கழிவில் போட வைத்தவள் அவளே.

கழிப்பறைக்குப் போய்க் கையைத் தேய்த்தாள். சோப்பு, பிறகு ஸ்பிரிட், பிறகு பாத்திரம் தேய்க்கும் நார். விரல் கணுக்களில் தோல் வெடித்து எரிந்தது. கூடத்துக்குத் திரும்பிக் கையைத் துடைத்து, கழுவிய இன்னொரு பலகையில் அழுத்தி எடுத்துத் தண்ணீர் விட்டாள். கை பட்ட இடம் மட்டும், ஐந்து விரலோடு, தண்ணீரை ஏற்காமல் வறண்டு நின்றது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சொல்லாமலே சமாளிக்கலாமா என்று யோசித்தாள். கை வலி என்று சொல்லித் துடைப்பதை அவசரத்திடம் கொடுத்துவிடலாம். குழாய் பிடித்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் கதவுக் கைப்பிடியைத் தினமும் அவள்தான் திறக்கிறாள். தராசின் மூடி, கரண்டிகள், கையுறைப் பெட்டியின் வாய், ஸ்பிரிட் குப்பி எல்லாவற்றிலும் அவள் கை இருந்தது. அவசரம் புதுத் துணி எடுத்தாலும் அந்தக் குப்பியைத்தான் தொடுவான். அன்றைக்கு அவனுக்குப் பிடித்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். இருப்பது ஒரே வார்ப்புக்கான ரப்பர். பொய் சொன்னால் கைப்பிடி சுத்தமாகாது.

இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அவர் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள்.

"இது என் கை சார்," என்றாள்.

அவர் மாத்திரையைக்கூடத் தேடவில்லை. "உன் கைன்னா?"

சொன்னாள். க்ரீம், துணி, மடிப்பு, கழிவில் போட்ட குழாய், எல்லாவற்றையும். வாசலில் அவசரம் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"அப்ப ரப்பர் நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் தலைவர் மெதுவாக. "அவங்கள நான் என்னென்ன பேசினேன் தெரியுமா?"

"தெரியும் சார். சத்தம் வெளிய கேட்டுச்சு."

"இத்தனை நாள்..." என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

"என் குழாயத் தூக்கிப் போடச் சொன்னீங்களே அக்கா," என்றான் அவசரம். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஆமா. சொன்னேன்."

"வீட்ல ரெண்டு நாள் சாப்பிடல நான்."

"தப்பு என்னோடது. இப்ப நீதான் வார்க்கணும். நான் உள்ள வரமாட்டேன். நான் தொட்டது ஒண்ணு விடாம வெளிய எடுங்க."

அந்த வாரம் கூடத்தைக் காலி செய்து கழுவினார்கள். குப்பிகளும் கரண்டிகளும் புதிதாக வந்தன. கைப்பிடியைக் கழற்றி மாற்றினார்கள். பசையக்கா நடைபாதையில், கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வார்ப்பு நாளன்று தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு உள்ளே வைத்திருந்தார்கள்.

"மெதுவா ஊத்து. காத்துக் குமிழி போயிடும்."

"மெதுவாத்தான் ஊத்தறேன்."

"இது மெதுவா? குழாயடியில தண்ணி பிடிக்கிற மாதிரி ஊத்தறே."

"அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறப்பவே இப்படின்னா..."

அவன் ஒரே ஒரு சுற்றுத்தான் துடைத்தான். இன்னொரு சுற்று என்று சொல்ல வாய் எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் துணியை வேகமாகத் தூக்கிப் போட்டான். முழங்கால்களுக்கு நடுவே கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், அவை எழுந்து தாமாகப் போய்விடும் என்பது போல.

குழாய் ஓவனுக்குள் இருந்த நாள் அவள் வீட்டில் எதையும் சரியாகச் செய்யவில்லை. அவரைத் திருப்பிப் போட்டவள் தலையணையை வைக்க மறந்தாள். அந்த விடுதியின் கட்டில் வரிசை கண்ணுக்குள் நின்றது. எந்தக் கட்டில் சன்னலோரம் என்றுகூட யோசித்துவிட்டாள்.

ஓவனைத் திறந்தார்கள். குழாய் ஆறக் காத்திருந்தார்கள். தலைவர் தகட்டை எடுத்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டு, விளிம்பில் வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். தகடு வில்லாக வளைந்தது. இடம் மாற்றி வைத்தார். சுற்றி வர ஒவ்வோர் இடத்திலும் வளைந்தது.

உள்ளே அவசரம் தலைவரைக் கட்டிப்பிடித்தான். தலைவர் அவனைத் தள்ளிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். பசையக்கா முக்காலியில் இருந்து எழவில்லை. கால் மரத்திருந்தது.

பிரிவை மூடவில்லை. அவசரத்தின் பழைய குழாயைப் பற்றியும் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார். அவளுக்கும் ஒரு வழி சொன்னார்: "வேற க்ரீமுக்கு மாறிக்கோ. கொஞ்ச நாள் போகட்டும், பலகையில கை வச்சுப் பாப்போம். தண்ணி பரவினா உள்ள வா."

மாறினாள். சிலிக்கோன் இல்லாத கெட்டியான துத்தநாகக் களிம்பு. அது தோலில் சுண்ணாம்பு போல் அப்பிக்கொண்டது. துடைத்து எடுக்கத் தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்த இடம் சிவந்தது. ஒரு நாள் காலை அவருடைய இடுப்பெலும்பின் மேல் இருந்த சிவப்பை விரலால் அழுத்தினாள். வெளுக்கவில்லை. அன்றே வெள்ளை டப்பாவைத் திறந்தாள். கையுறை போட்டுத் தடவினாலும் பயனில்லை, விரிப்பிலும் போர்வையிலும் ஊறியது அவள் கைக்கு வந்துவிடும். பக்கம் மாற்றும் வேளைகளையும் கூட்டினாள். தோல் பழையபடி திரும்பப் பல நாளாயிற்று.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். நடைபாதையின் முக்காலிக்குப் பதில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டார்கள். கலவைக் கணக்கும் சூட்டுக் கணக்கும் அங்கேயிருந்து போட்டாள். வார்ப்புக் கூடத்துக்குள் அவள் பிறகு போகவில்லை. அவசரத்துக்கு உள்ளேயிருந்து எதையாவது கேட்க வேண்டுமென்றால் கண்ணாடியைத் தட்டுவான். அவள் விரலால் எண்ணிக் காட்டுவாள். மெதுவாக என்று காட்டுவதற்கு ஒரு சைகை வைத்திருந்தாள். அதை அவன் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் மாலை, புரட்டும்போது அவர் கேட்டார்.

"இன்னைக்கும் ஒட்டுச்சா?"

"ஒட்டுச்சு."

"நீயா?"

"அவன்தான். நான் வெளிய."

அவர் வலக்கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உனக்கும் லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சா?"

"பேசாம திரும்புங்க. கை வழுக்குது."

குதிகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்தது. மெல்லச் சிவந்தது. டப்பாவை முழங்கையால் தன் பக்கம் நகர்த்தி மூடியைத் திறந்தாள்.